கடனுக்குக் கைகொடுக்கும் அரசு சேமிப்புக்கு ஏன் கைகொடுப்பதில்லை?

கூலி வேலை செய்யும் குடும்பங்களின் வாசலோரம் செங்கல் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை இந்தியாவின் பல ஊர்களில் காணலாம். அறுவடைக் கூலி வந்தபோது ஐந்நூறு கல், சீட்டு எடுத்தபோது ஆயிரம் கல் என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அடுக்கு அது. பாசி படிந்த அந்த அடுக்கைக் கடந்து செல்பவருக்கு அது பாதியில் நின்றுபோன வேலையாகத் தோன்றும். உண்மையில் அது ஒரு சேமிப்புக் கணக்கு. பணமாகக் கையில் இருந்தால் மருத்துவச் செலவிலோ உறவுக்காரர் திருமணத்திலோ கரைந்துவிடும் என்பதால், அக்குடும்பம் தன் சேமிப்பைக் கல்லாக மாற்றி வைத்திருக்கிறது. இந்தக் கணக்குக்கு வட்டி கிடையாது. அரசின் வீட்டுவசதிக் கொள்கையில் இதற்கு இடமும் கிடையாது.

இடமில்லை என்பதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தச் சேமிப்பே குடும்பத்துக்குப் பாதகமாகவும் முடியலாம். 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம், சமவெளிப் பகுதிகளில் வீடொன்றுக்கு 1.20 லட்சம் ரூபாய் வழங்குகிறது. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் அடிப்படையில் வகுக்கப்பட்ட தகுதி இதுதான்: வீடற்றவராக இருக்க வேண்டும், அல்லது சுவரும் கூரையும் நிலையற்ற பொருளால் ஆன, இரண்டு அறைக்கு மிகாத வீட்டில் வாழ வேண்டும். இங்கே ‘சுவரும் கூரையும்’ என்பதிலுள்ள உம்மையைக் கவனிக்க வேண்டும். மண் சுவரை இடித்துவிட்டுத் தன் பணத்தில் செங்கற்சுவர் எழுப்பி, கூரைக்குப் பணமின்றி ஓலையோடு நின்றுவிட்ட குடும்பம் அந்த ஓர் உம்மையால் பட்டியலிலிருந்து விலகிவிடுகிறது. எதுவும் செய்ய இயலாதவருக்கு உதவி உண்டு. பாதி தூரம் தானே நடந்து வந்தவருக்கு மீதித் தூரத்துக்கு உதவி இல்லை.

வறியவருக்கு முதலிடம் தருவது நியாயம்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வீட்டுவசதிக்கு அரசு அளிக்கும் உதவி வறியவரோடு நின்றுவிடுவதில்லை. நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் கடன்சார் வட்டி மானியம், 2017 முதல் சில ஆண்டுகள், ஆண்டு வருமானம் 18 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கும் கிடைத்தது. 2024இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வருமான வரம்பு குறைக்கப்பட்டாலும் வட்டி மானியம் தொடர்கிறது. பழைய வருமான வரி முறையில், தான் குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு பெறலாம். ஆக, கடன் வாங்கத் தகுதியுள்ளவர் வீட்டுக்காகச் செலுத்தும் ஒவ்வொரு தவணையோடும் அரசும் ஒரு பங்கைச் சேர்க்கிறது. வங்கிப் படியேற முடியாதவர் வாங்கும் ஒவ்வொரு செங்கல்லோடும் எதையும் சேர்ப்பதில்லை.

இந்த ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டியே இணைச் சேமிப்பு என்னும் கருத்து அமெரிக்காவில் வளர்ந்தது. சமூகப்பணித் துறைப் பேராசிரியர் மைக்கேல் ஷெராடன் 1991இல் வெளியிட்ட நூலில், அரசு வசதியுள்ளவருக்குச் சொத்துச் சேர்க்க உதவுகிறது, ஏழைக்கோ செலவுக்கு மட்டுமே பணம் தருகிறது என்று வாதிட்டார். ஏழைக் குடும்பம் ஒரு டாலர் சேமித்தால் அதற்கு ஈடாக ஒன்றோ இரண்டோ டாலர் சேர்க்கும் தனிநபர் வளர்ச்சிக் கணக்குகளை அவர் முன்மொழிந்தார். 1998இல் ஒன்றியச் சட்டமொன்று இத்தகைய கணக்குகளுக்கு நிதி வழங்கத் தொடங்கியது. 2017ஆம் நிதியாண்டு முதல் அந்த ஒதுக்கீடு நின்றுபோனது.

இக்கருத்தை ஆதரிப்பவர்கள் மறைக்கக் கூடாத சான்று ஒன்று உண்டு. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 1998 இறுதியில் தொடங்கிய சோதனையில் 1,103 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். கணக்குப் பெற்ற குழுவினர் ஆண்டுக்கு 750 டாலர் வீதம் மூன்று ஆண்டுகள் சேமிக்கலாம். வீடு வாங்கினால் இரண்டு மடங்கு ஈட்டுத்தொகை. வீடு பழுதுபார்த்தல் உள்ளிட்ட பிற தேவைகளுக்குச் சமமடங்கு. நான்கு ஆண்டுகளில், கணக்குப் பெற்ற குழுவிலிருந்த வாடகைதாரர்கள் கூடுதலாக வீடு வாங்கியிருந்தனர். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது மற்றக் குழுவும் அவர்களை எட்டிவிட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை.

இணைச் சேமிப்பு பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரமாகும். சொந்த வீடு வாங்குவதில் அது நிலையான வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்பதே அந்தச் சோதனை நிறுவியது. வீட்டு விலையோடு ஒப்பிட்டால் இத்தகைய சேமிப்பு மிகச் சிறிது. பெருங்கடன் கிடைப்பதும் வீட்டுச் சந்தையின் போக்கும் அதைவிட வலிய காரணிகள். பழுதுபார்த்தலின் கணக்கு வேறு. ஒழுகும் கூரைக்கும் இடிந்த சுவருக்கும் கதவில்லாத கழிப்பறைக்கும் தேவைப்படும் தொகை, ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு எட்டக்கூடிய தொலைவில் உள்ளது. அங்கேதான் ஈட்டுத்தொகை காரியத்தை முடித்துவைக்கும். ஆனால் டல்சாவில் வாங்குதலுக்குக் கிடைத்த மடங்கில் பாதியே பழுதுபார்த்தலுக்குக் கிடைத்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டமோ முதல் வீடு வாங்குதல், உயர்கல்வி, சிறுதொழில் ஆகியவற்றையே முதன்மைப் பயன்களாக ஏற்றது. பழுதுபார்த்தலுக்கு அதில் இடமில்லை. கருவி எங்கே பொருந்துமோ அங்கே அது போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

இந்திய அரசுக்கு இந்தக் கருவி புதிதன்று. மீனவர் சேமிப்பு, நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால், ஒன்றிய, மாநில அரசுகள் தலா 1,500 சேர்த்து, மீன்பிடிப்புக் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. தமிழகக் கடற்கரைக்கு நன்கு அறிமுகமான ஏற்பாடு இது. 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், தொடக்கத்தில் சேர்ந்த தகுதியுள்ளோரின் பங்களிப்பில் பாதியை, ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரம்புக்குள், அரசு ஐந்தாண்டுகளுக்கு ஈடாகச் செலுத்தியது. முதுமைக்கும் மீன்வரத்துக் குறைந்த காலத்துக்கும் பொருந்திய முறை, ஒழுகும் கூரைக்குப் பொருந்தாமற்போகக் காரணம் இல்லை.

அதன் வடிவம் எளிமையாக இருக்கலாம். அஞ்சலகத்திலோ மகளிர் சுயஉதவிக் குழு வழியாகவோ மாதம் 500 ரூபாய் சேமிக்கும் குடும்பம் இரண்டு ஆண்டுகளில் 12,000 சேர்க்கும். அரசு இரண்டு மடங்கு ஈடு தந்தால் 36,000 ஆகும். சேமிப்பை எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் உரிமை இருக்க வேண்டும். எடுத்த பகுதிக்கு ஈட்டுத்தொகை மட்டும் கிடைக்காது. தண்டனையில்லாத வெளியேறும் வழி இல்லாவிட்டால், திடீர்ச் செலவுகளோடு வாழும் குடும்பம் மீண்டும் செங்கலையே நம்பும். ஏற்கெனவே வாங்கி அடுக்கிய கல்லும் கம்பியும் சேமிப்பாக மதிப்பிடப்பட்டால் இன்னும் நன்று.

இதற்கு எதிரான வாதங்களில் ஒன்று கனமானது. சேமிக்கவே இயலாதவர் இத்தகைய திட்டத்தில் விடுபடுவர். நாளடைவில் ‘நீங்கள் சேமித்தால்தான் உதவி’ என்று சொல்லி நேரடி மானியத்தைச் சுருக்க இது சாக்காகும். இந்த அச்சம் வீணானதன்று. எனவே இணைச் சேமிப்பு, முழு மானியத்தின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. வட்டி மானியத்துக்கும் வரிக் கழிவுக்கும் செலவாகும் நிதியிலிருந்தே அதற்குப் பங்கு கேட்க வேண்டும். வீடற்றவருக்கு மானியம், பாதி கட்டியவருக்கு ஈட்டுத்தொகை, கடன் பெற வல்லவருக்குக் கடன் என்ற வரிசையில் நடுவிலுள்ள படி மட்டும் இன்று காணாமற்போயிருக்கிறது.

அரசு ஆவணங்கள் உதவி பெறுபவரைப் ‘பயனாளி’ என்கின்றன. பயனைப் பெறுபவர் என்பது அதன் பொருள். கொடுப்பவர் அதில் இல்லை. ஆனால் 1.20 லட்சத்தில் வீடு முடிவதில்லை என்பதும், மீதியை நகை அடகு வைத்தோ கைமாற்று வாங்கியோ அக்குடும்பமே போடுகிறது என்பதும் ஊரறிந்தவை. தன் வீட்டுக்குத் தானே முதல் போடும் ஒருவரை வெறும் பெறுநராகவே எழுதிக்கொண்டிருக்கும் வரை, வாசலோரச் செங்கல் அடுக்கு எந்தக் கணக்கெடுப்பின் கண்ணுக்கும் படாது. அந்த அடுக்கையும் ஒரு வரவாகப் பதிவதிலிருந்து தொடங்கலாம்.