மறுக்கும் உரிமை யார் கையில்?

பிட்காயினுக்குத் தலைவர் இல்லை, அதன் விதிகளில் மாற்றத்தை யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம் என்று அதன் ஆதரவாளர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. தலைவர் இல்லை என்பதால் அதிகாரமும் இல்லை என்றாகிவிடுமா?

முன்மொழிவுகளை எழுதி வைக்கும் 'பிப்' என்ற முறை 2011 முதல் இருக்கிறது. யாரும் எழுதலாம்தான். ஆனால் அதற்கு எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றும் தொகுப்பாசிரியர் பொறுப்பைப் பல ஆண்டுகள் நடைமுறையில் ஒரே ஒருவர்தான் பார்த்துவந்தார். 2024 ஏப்ரலில்தான் மேலும் ஐந்து பேர் சேர்க்கப்பட்டார்கள். முதன்மை மென்பொருளில் மாற்றங்களைச் சேர்க்கும் உரிமையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடமே இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. ஆனால், ஆங்கிலமும் நிரல் மொழியும் ஊதியமில்லாமல் உழைக்க நேரமும் உள்ளவர்களுக்கே உள்ளே இடம் கிடைக்கிறது.

முன்மொழிவது ஒன்று, ஏற்பது வேறு. 2017 இதைக் காட்டியது. பரிவர்த்தனையின் கையொப்பத் தரவைத் தனியே பிரித்து, பிளாக்கில் கூடுதல் இடம் தரும் 'செக்விட்' மாற்றம் அப்போது தயாராக இருந்தது. அது நடைமுறைக்கு வர, 2016 பிளாக்குகள் கொண்ட ஒரு சுற்றில் 95 விழுக்காடு பிளாக்குகள் ஆதரவைத் தெரிவிக்க வேண்டும். பிளாக்குகளை உருவாக்குவதோ மைனிங் முதலாளிகள். மாதங்கள் கடந்தும் அவர்கள் போதிய ஆதரவு தரவில்லை.

அந்த மே மாதம் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நியூயார்க்கில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. செக்விட்டை ஏற்போம், பிளாக்கின் அளவையும் கூட்டுவோம் என்றன. இன்னொரு பக்கம், சாதாரணப் பயனர்கள் 'பிப் 148'-ஐக் கையிலெடுத்தார்கள். ஆகஸ்ட் 1 முதல், செக்விட்டை ஆதரிக்காத பிளாக்குகளைத் தங்கள் கணினிகள் ஏற்காது என்பதே அதன் சாரம். இரு பக்க நெருக்கடியும் சேர்ந்து ஆகஸ்ட் 24 அன்று செக்விட் நடைமுறைக்கு வந்தது. ஆனால், நிறுவனங்கள் கேட்ட அளவு உயர்வுக்குப் போதிய ஒப்புதல் கிடைக்காமல் நவம்பர் 8 அன்று கைவிடப்பட்டது.

மென்பொருளைத் தன் கணினியில் ஓட்டி, ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தானே சரிபார்ப்பவருக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் வலிமை இருக்கிறது. புதிய பதிப்பு தானாக வந்து ஏறாது. அவர் விரும்பினால்தான் ஏற்றுவார். அந்த உரிமையும் கணினி, இணையம், சேமிப்பிடம் ஆகியவற்றின் விலைக்குள் அடங்கியதுதான். அந்தச் செலவு ஏறினால், மறுக்கும் உரிமை வசதி படைத்தவர்களின் தனிச்சொத்தாகிவிடும். தன் நாணயத்தைச் சந்தை நிறுவனத்தின் கணக்கிலேயே விட்டுவைப்பவரிடம் அந்த உரிமை இன்றைக்கே இல்லை.

ஆகவே, 'இங்கே எல்லோரும் சமம்' என்று எந்தத் தொழில்நுட்பம் சொன்னாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். யார் முன்மொழிகிறார்? யார் சேர்க்கிறார்? யாரால் மறுக்க முடியும்? மூன்றாவது கேள்விக்கு 'எளிய மனிதரால்' என்ற பதில் வராதவரை, அங்கே சமத்துவம் வெறும் விளம்பர வாசகமே.