கேன்டீன் கார்டுக்கு மட்டுமா சங்கம்?

உங்கள் தெருவில் ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கிறாரா? இருந்தால், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். அவரிடம் நீங்கள் கடைசியாகக் கேட்டது என்ன? சியாச்சின் குளிர் எப்படி இருந்தது என்றா, இல்லை, 'கேன்டீன்ல ரெண்டு பாட்டில் கிடைக்குமா சார்?' என்றா?

வெட்கப்பட வேண்டாம். நானும் கேட்டிருக்கிறேன். நமக்கு முன்னாள் படைவீரர் என்றால் பெரிய மீசை, ரம் பாட்டில், ஏ.டி.எம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மூன்றும் சேர்ந்தால் சினிமா காமெடி டிராக்! நம் லட்சணம் அப்படி. ஆனால், இந்த வாரம் என் சண்டை உங்களோடு கொஞ்சம்தான். அவர்களுடைய சங்கங்களோடுதான் நிறைய.

மோகனூர் போயிருந்தேன். காவிரி, கரும்பு, கூட்டுறவு சர்க்கரை ஆலை, காந்தமலை முருகன். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888-ல் பிறந்த ஊர். உப்பு சத்தியாகிரகம் என்ற ஆயுதமில்லாத சண்டைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவரின் ஊரில், ஆயுதம் தூக்கியவர்களின் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் மற்ற சங்கங்கள் தப்பித்துக்கொள்ளும்.

கொடியேற்றினார்கள். காலமான உறுப்பினர்களுக்கு இரண்டு நிமிட மௌனம். பொருளாளர் கணக்கு வாசித்தார். டீ, மிக்சர். அறுபது வயதுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். ஒருவர் இருந்தார். மைக்செட்காரர்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஒரு சிப்பாய் பதினைந்து, பதினேழு வருஷ சர்வீஸ் முடித்து பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தவருக்கு அப்போது என்ன வயசு? முப்பத்தைந்து, முப்பத்தேழு. அந்த வயசுக்காரர்கள் நாமக்கல் ஜில்லாவில் இல்லாமலா போய்விட்டார்கள்? லாரி வைத்திருக்கிறார்கள், கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள், பேங்க்கில் செக்யூரிட்டியாக நிற்கிறார்கள். அப்படி ஒருவரை வெளியே டீக்கடையில் பிடித்து, 'சங்கத்துக்குப் போகலையா?' என்றேன்.

"எதுக்குங்கண்ணா? எழுபத்தொண்ணுல டாக்காவுல என்ன நடந்துச்சுன்னு பத்தாவது தடவையா கேக்கறதுக்குங்களா?"

உள்ளே வந்து நிர்வாகியிடம் இதைச் சொன்னால், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு டிசிப்ளின் இல்லீங்க" என்கிறார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஹவில்தார் பேச எழுந்தார். ஒரு சுபேதார் கையைக் காட்டி உட்கார வைத்தார். ரிட்டயராகி இருபது வருஷத்துக்குப் பிறகும் ரேங்க் மட்டும் ரிட்டயராகவில்லை!

அமெரிக்காவில் ஒரு சங்கம் இருந்தது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர்களுக்காக 1866-ல் தொடங்கியது. கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் என்று பெயர். நான்கு லட்சம் உறுப்பினர்களோடு ஜனாதிபதித் தேர்தல்களையே ஆட்டிப் படைத்தது. அந்தப் போரில் இருந்தவர்கள் மட்டும்தான் உறுப்பினர் என்று விதி. கடைசி உறுப்பினர் 1956-ல் இறந்தார். சங்கமும் அவரோடு முடிந்தது. அவர்களுக்காவது வேறு வழியில்லை, போர் ஒன்றுதான். நம் ராணுவத்திலிருந்து வருஷா வருஷம் புது ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இங்கே ஒரு சங்கம் செத்தால் அது இயற்கை மரணம் இல்லை சார், தற்கொலை.

'நாங்களும் மாடர்னாயிட்டோம்ங்க, வாட்ஸப் குரூப் இருக்குது' என்றார் நிர்வாகி. காட்டினார். காலையில் ரோஜாப்பூ, மாலையில் தேசியக்கொடி, நடுவில் யாரோ ஃபார்வர்டு செய்த பென்ஷன் வதந்தி.

ஹாலின் கடைசியில் ஒரு அம்மா மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் தவறிவிட்டார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அந்த அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. குடும்ப பென்ஷன் அதில் சிக்கி நிற்கிறது. இது அபூர்வமான கேஸ் இல்லை. அந்தக் காலத்தில் யூனிட் கிளார்க் காதில் விழுந்ததுதான் பெயர். சரிசெய்ய ரெகார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். பென்ஷன் அலுவலகம் பிரயாக்ராஜில். எல்லாம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற கம்ப்யூட்டர் முறையில் ஓடுகிறது. அதில் ஆயுள் சான்று கொடுக்கவே பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. மோகனூர் அம்மா ஜபல்பூருக்கு எந்த பாஷையில் கடிதம் எழுதுவார்?

இந்த வேலைக்குத்தானே ஐயா சங்கம்? ஒரு கம்ப்யூட்டர், வெளியே டீக்கடையில் நின்ற அந்த முப்பத்தெட்டு வயசுக்காரர், சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரம். படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு செல்போனோடு போய் முகத்தைக் காட்டி ஆயுள் சான்று எடுத்துக் கொடுங்கள். நான் நவீனம் என்று சொல்வது இதைத்தான். அந்த அம்மா சங்கத்தில் உறுப்பினரா என்று கேட்டேன். "அவங்க வீட்டுக்காரர்தாங்க மெம்பர்" என்றார்கள். அப்புறம் அவருக்கு ஏது ஓட்டு!

சங்கங்களால் முடியாது என்று சொல்லாதீர்கள். 1973-ல் மூன்றாவது சம்பளக் கமிஷனோடு பறிபோனது 'ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்'. 2015 ஜூன் மாதம் டெல்லி ஜந்தர் மந்தரில் கிழவர்கள் மெடல்களோடு உட்கார்ந்தார்கள். செப்டம்பரில் அரசு அறிவித்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லைதான். ஆனால், 42 வருஷம் கழித்து அசைய வைத்தது ஒன்றுகூடிய கூட்டம்தானே?

அடுத்து ஒரு கேள்வி வாசலில் நிற்கிறது. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷம் முடித்து வெளியே வருகிற பையனுக்கு கையில் சுமார் பதினொன்றே முக்கால் லட்சம் ரூபாய். பென்ஷன் இல்லை, ராணுவ மருத்துவ வசதி இல்லை, கேன்டீன் கார்டு இல்லை. 'முன்னாள் படைவீரர்' என்ற பெயரே இல்லை. நாலில் ஒருவருக்கு மேல் நிரந்தரமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். அரசு அவர்களை எப்படி வேண்டுமானாலும் அழைக்கட்டும். அதே பனியில் நின்ற இருபத்திரண்டு வயசுப் பையன் சங்க வாசலில் வந்து நின்றால், என்ன சொல்லப் போகிறீர்கள்? 'கார்டைக் காட்டு தம்பி' என்றா?

நிர்வாகியிடம் இதையும் கேட்டேன். விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். 'பென்ஷன் பெறும்' என்ற வார்த்தையில் விரல் நின்றது.

"விதியைத் திருத்தணும்ங்க. மகாசபையில வைக்கிறோம்."

"மகாசபை எப்போ?"

"தலைவர் ஆஸ்பத்திரியில இருக்கார். அவர் தேறி வந்ததும் தேதி சொல்றோம்ங்க."

தலைவருக்கு வயது எண்பத்து மூன்று.