ஆறில்லாத ஊரில் ஆற்றுச் சவாரி



கொஞ்சம் நீளமான பதிவு. அரியாலை, கொழும்புத்துறை, பாசையூர், சோனகத் தெரு உறவுகள் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் திட்ட வேண்டாம்.

ஒரு கிழமையாக வாட்ஸப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. யார் போட்டது என்று இங்கே எழுதப் போவதில்லை. ஆளோடு எங்களுக்குக் கோபமில்லை, எண்ணத்தோடுதான். வெளிநாட்டிலிருந்து வரும் நம் உறவுகளுக்கும் கொழும்பிலிருந்து வருவோருக்கும் ஒரு நாள் சுற்றுலாவாம். காலையில் முந்திரிகைத் தோட்டமும் வைன் சுவைப்பும். மத்தியானம் தவறணைக் கள்ளும் நண்டுக்கறியும். பின்னேரம் அரியாலையிலிருந்து ‘ரிவர் குரூஸ்’, கையில் பனஞ்சாராயக் கிண்ணத்தோடு சூரிய அஸ்தமனம்.

அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் எங்களிடம் படித்த பெடியன் ஒருவன் இரவு பத்து மணிக்கு அழைத்தான். லீசிங்கில் வேன் எடுத்தவன். இரண்டு மாதக் கட்டணம் பாக்கி. “சேர், மாதம் எட்டு ஹயர் தாறம் எண்டு சொல்லுகினம். எடுக்கலாமோ?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆற்றுக் கதை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். தொண்டைமானாறு என்பது பெயரில்தான் ஆறு. உள்ளே கிடப்பது உவர்நீர். உப்பாறும் அப்படியே, பெயரிலேயே உப்பு இருக்கிறது. அந்த உப்பாறு கடல்நீரேரியோடு சேரும் இடம் நம் அரியாலை. அங்கே ஏன் தடுப்பணை கட்டினார்கள் என்று எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் பத்தில் ஒருவருக்குத்தான் தெரிகிறது. 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ஒரு திட்டம் வரைந்தார். ஆனையிறவு, வடமராட்சி, உப்பாறு நீரேரிகளில் கடல் புகாமல் தடுத்து, மழைநீரைத் தேக்கி, உவரை மெல்ல நன்னீராக்குவது. ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று அதைச் சொன்னார்கள். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் வந்தன. திட்டம் மட்டும் இன்றுவரை முழுமையாகவில்லை. நமக்கு வாக்களிக்கப்பட்ட ஒரே ஆறு அதுதான். அந்த ஆற்றைத் தராமல், குடிக்கிறவனுக்கு மட்டும் ஓர் ஆற்றை விளம்பரத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள்.

பெயர்தானே, விட்டுவிடலாமே என்று சொல்வீர்கள். விடமுடியாது. ஆறு என்றால் படகு போகிற வழி என்றுதான் வருகிறவர் நினைப்பார். கடல்நீரேரி வழியல்ல, வேலைத்தலம். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. அங்கே சிறகுவலை கட்டியிருக்கிறது. நண்டும் இறாலும் பிடித்துத்தான் கரையோரக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றன. பாட்டுப் போட்டுக்கொண்டு இயந்திரப் படகு குறுக்கே போய் வலை அறுந்தால் நட்டம் யாருக்கு? விளம்பரத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. கடலட்டைப் பண்ணைகள் வந்தபோதும் இதே ‘அபிவிருத்தி’ என்ற சொல்லைத்தான் கேட்டோம். நீரேரியில் எங்கே வேலி வரலாம், எங்கே வரக்கூடாது என்று அங்கே தொழில் செய்பவனிடம் கடைசியாகத்தான் கேட்டார்கள்.

இனி வைனுக்கு வருவோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் முந்திரிகை ரசம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது தோலகட்டி. 1928இல் வணக்கத்துக்குரிய தோமஸ் அடிகளார் அங்கே தொடங்கிய செபமாலைதாசர் துறவற சபை, செபத்தோடு தோட்ட வேலையும் செய்து வாழும் சபை. அவர்களுடைய முந்திரிகை ரசத்தையும் நெல்லி ரசத்தையும் வாங்காத முஸ்லிம் வீடு குறைவு. வைனும் செய்கிறார்கள், திருப்பலியில் வைனுக்கு இடமுண்டு. அது அவர்கள் மார்க்கம். அதைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமையுமில்லை, விருப்பமுமில்லை. போரில் அந்த மண்ணும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான். இந்த விளம்பரத்துக்கும் ஆச்சிரமத்துக்கும் தொடர்பு இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் கேட்பது இதுதான்: மௌனத்துக்கும் செபத்துக்கும் பெயர்போன ஓர் இடத்தை, தவறணைக்கு முந்தைய ‘முதல் தரிப்பிடம்’ ஆக்குவதற்கு யார் அனுமதி கொடுத்தது? கத்தோலிக்க உறவுகளே, நீங்கள் இதைக் கேட்க வேண்டும்.

‘வைன் தேசம்’ என்ற பெயரையும் பாருங்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை விழுங்கிய போர்த்துக்கேயரின் நாட்டில் டோரோ என்று ஓர் ஆறு. அதன் பள்ளத்தாக்கை 1756இலேயே வைனுக்கென எல்லை வகுத்து வைத்தார்கள். அங்கே ஆறும் மலையும் கொடியும் பல நூற்றாண்டு சேர்ந்து வளர்ந்தவை. படகுச் சவாரி அதற்குப் பிறகு வந்தது. இந்தியாவில் நாசிக் கோதாவரிக் கரையில் இருக்கிறது. இங்கே? உரும்பிராய், நீர்வேலி, கோப்பாய்ப் பக்கம் பந்தல் போட்டு ‘இஸ்ரேல் புளூ’ வளர்க்கும் விவசாயி கிணற்றை நம்பித்தான் வளர்க்கிறார். அந்தக் கிணற்று நீர் எது? மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறும். உரத்தின் நைத்திரேற்று ஏற்கெனவே பல கிணறுகளில் அளவுக்கு மேல். சுன்னாகத்தில் கிணற்றுக்குள் கழிவெண்ணெய் வந்த கதையை யாரும் மறந்திருக்க முடியாது. 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். கடலைக் காய்ச்சிக் குடிக்கும் நிலைக்கு வந்த ஊர் நாம். இந்த மண்ணில் மேசைக்குப் பழம் வளர்ப்பது ஒரு காரியம். ‘வைன் தேசம்’ என்று பெயர் சூட்டி, அந்தப் பெயருக்கேற்ப தோட்டமும் விடுதியும் நீச்சல் தடாகமும் பெருக்குவது வேறு காரியம்.

இனி கள்ளு. இங்கேதான் எங்களுக்கு அதிகம் திட்டு விழும்.

“உங்களுக்கு ஹராம் என்றால் நீங்கள் குடிக்காதீர்கள், மற்றவன் பிழைப்பில் கை வைக்காதீர்கள்” என்பார்கள். நியாயமான பேச்சு. ஆகவே நேராகப் பதில் சொல்கிறோம். சீவல் தொழிலாளியின் பிழைப்பை எதிர்த்து நாங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. மதுவிலக்குப் பேசிய யாழ்ப்பாணத்தார் பலர் கள்ளை மட்டுமல்ல, கள் இறக்கியவரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். காந்தி 1927 நவம்பரில் இங்கு வந்தபோது இருந்த மதுவிலக்கு உற்சாகத்துக்குள்ளும் அந்த அழுக்கு இருந்தது. அந்த வரலாற்றை மறைத்துவிட்டு மதுவுக்கு எதிராகப் பேச எங்களுக்கு வாயில்லை.

ஆனால் இந்தச் சுற்றுலா அந்தத் தொழிலாளிக்கு என்ன கொடுக்கிறது? ஒருவர் உயிரைப் பணயம் வைத்துப் பனையில் ஏறுகிறார். கீழே பத்துப் பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். பிளாவில் ஊற்றிக் கொடுத்ததற்குச் சில நூறு ரூபாய். மிச்சப் பணம் எங்கே போகிறது? வேனுக்கும் விடுதிக்கும் விளம்பரக்காரருக்கும். தொழிலாளி கேட்டது கூட்டுறவுச் சங்கம் ஒழுங்காக இயங்க வேண்டும் என்று, திக்கம் வடிசாலை சங்கங்களின் கையை விட்டுப் போகக்கூடாது என்று, விழுந்து இடுப்பொடிந்தால் காப்புறுதி வேண்டும் என்று. தன்னைப் படம் பிடியுங்கள் என்று அவர் கேட்கவில்லை.

“கள்ளு எங்கள் பண்பாடு” என்று இன்னொரு பக்கம். வேலை முடிந்து தவறணைக்குப் போகிறவனை நேற்றுவரை ‘குடிகாரன்’ என்றீர்கள். டொலர் கொடுப்பவன் அதே வாங்கில் குந்தினால் ‘அனுபவம்’ என்கிறீர்கள். எங்கள் வகுப்பறைக்கு வாருங்கள். முதல் பாடத்திலேயே தூங்கி விழும் பிள்ளையை எழுப்பி விசாரித்தால், இரவு வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் தலையைக் குனியும். அந்தப் பிள்ளைக்கு இந்துப் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை. ஆம், முஸ்லிம் பிள்ளையும்தான். குடி எங்கள் தெருவுக்குள் வரவில்லை என்று மேடையில் சொல்லிக்கொள்வதை நாங்களும் நிறுத்த வேண்டும்.

மது பற்றித் திருக்குர்ஆன் பேசும் முறையைக் கவனியுங்கள். அதில் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு என்பதை அது மறுக்கவில்லை. கேடு பயனைவிடப் பெரிது என்று நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது. நாமும் தராசில் வைப்போம். ஒரு தட்டில் மாதம் எட்டு ஹயர், சில படகு, சில சாப்பாட்டுக்கடை. மற்றத் தட்டில் அறுந்த வலை, இறங்கும் கிணறு, குடிப்பது என்பது விருந்தாளிக்குக் காட்டும் பெருமை என்று பார்த்து வளரும் பிள்ளைகள். எங்களுக்கு எது கனம் என்று தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. அந்த வேன் கண்டி வீதியால் வரும். செம்மணியில் வரவேற்பு வளைவைப் படம் எடுப்பார்கள். அருகே அரியாலை சித்துப்பாத்தி மயானம். 2025 பெப்ரவரியில் அங்கே கட்டட வேலைக்குக் குழி வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. பிறகு நீதிமன்றக் கண்காணிப்பில் தோண்டத் தோண்ட இருநூறைத் தாண்டின. சிறு பிள்ளையின் எலும்போடு ஒரு பள்ளிப் பையும் வந்தது. பள்ளிப் பை என்றால் என்னவென்று ஆசிரியர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்து சோனகத் தெரு. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேரத்தில் எங்களை வெறுங்கையோடு வெளியேற்றிய தெரு. ஊருக்கு வருகிறவர் அழுதுகொண்டே திரிய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. சிரிக்கட்டும், சாப்பிடட்டும். ஆனால் இந்த இரண்டு இடத்தையும் கண்ணை மூடிக் கடந்து, மூன்று மதுவையும் ஒரு படகையும் காட்டி, ‘இதுதான் யாழ்ப்பாணம்’ என்று விற்பதற்கு நாம் துணைபோகக் கூடாது.

சரி, பெடியனுக்கு என்ன சொன்னோம்?

எடுக்காதே என்றோம். மதுவை விற்பவரை மட்டுமல்ல, சுமந்து செல்பவரையும் நபியவர்கள் எச்சரித்ததை நினைவூட்டினோம். பத்வா கொடுக்க நாங்கள் ஆலிம்கள் அல்ல. ஆலிமிடமும் கேள் என்றோம். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: “லீசிங்காரன் ஹராம் ஹலால் பார்க்கமாட்டான் சேர்.”

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா? பள்ளிவாசல் நிர்வாகத்தாரே, ஜும்ஆவில் ‘ஹராம்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்குவது லேசு. உம்ராவுக்குக் கட்டுநாயக்க போகும் குடும்பம் எத்தனை? கல்யாண வீடு எத்தனை? அந்த ஹயர்களை ஊர்ப் பெடியளுக்குக் கொடுக்கிறோமா, ஐந்நூறு ரூபாய் குறைவு என்று வெளியாளைக் கூப்பிடுகிறோமா? ஒருவனை ஒரு வழியிலிருந்து தடுத்தால் இன்னொரு வழியைக் காட்டுவதும் நம் பொறுப்பு.

சுற்றுலா நடத்துவோருக்கும் ஒரு சொல். பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, மாற்றச் சொல்கிறோம். முந்திரிகைத் தோட்டத்தில் பழமும் ரசமும் கொடுங்கள். பருவகாலத்தில் விடியற்காலையில் இறக்கிய கருப்பநீரைக் கொடுங்கள். அதற்கும் அதே தொழிலாளிதான் ஏற வேண்டும், நல்ல விலை கொடுத்து வாங்குங்கள். பனங்கட்டி, ஒடியற்கூழ், புழுக்கொடியல் எல்லாம் இருக்கிறது. நீரேரியைப் பார்க்க வேண்டுமென்றால் கடற்றொழிலாளர் சங்கத்திடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பாதையில், அவர்களுடைய படகில், அவர்கள் சொல்லும் கூலிக்குப் போங்கள். தடுப்பணையில் இறக்கி ஆறுமுகத்தின் திட்டத்தைச் சொல்லுங்கள். வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் கேட்டுவிட்டுப் போகட்டும். அந்த இடத்தைக் கடல்நீரேரி என்றே சொல்லுங்கள்.

இப்படி ஒரு பயணம் நடந்தால் எங்கள் வகுப்புப் பிள்ளைகளையே முதல் அனுப்புவோம்.

எங்கள் கணக்கில் பிழை இருந்தால் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதுவோருக்கு மரியாதையாகப் பதில் தருவோம். அடுத்த மாதம் பாடசாலைச் சுற்றுலா, கல்யாண வீடு, விமான நிலையப் பயணம் எதற்காவது பதினான்கு இருக்கை வேன் தேவைப்படுவோர் உள்பெட்டியில் செய்தி அனுப்புங்கள். பெடியனின் இலக்கம் தருகிறோம். கவனமாக ஓட்டுவான்.

வஸ்ஸலாம்.