தாவலும் தாள்வலிமையும்

மதுரையில் மாலைதோறும் பொழுதுபோக்காகக் கைப்பந்தாடும் மாணவராகிய யாம், உயர எழும்ப விரும்பி ஓயாது குதித்தே பழகுகின்றோம். கால்களுக்கு உரந்தேடுவார் எம்முட் சிலரே. முழங்கால் நோவுற்று ஆட்டத்தைக் கைவிட்டாரும் உளர். கால்கள் நிலத்தை உந்தும் வலிவும் விரைவுமே தாவலை உயர்த்துவன. ஆதலின் வாரம் இருமுறையேனும் பஸ்கி எடுத்தல் வேண்டும். அஃது எளிதானபின் சிறிது சிறிதாகத் தோளிற் பாரமேற்றலாம். இடையே ஓய்வும் இன்றியமையாதது.

பஸ்கி மல்லர்க்கே உரியதென நகைப்பார்க்கு ஒன்று கூறுவோம். 2023ஆம் ஆண்டில் 8.42 மீட்டர் நீளந்தாண்டி இந்தியச் சாதனை நிறுவிய ஜெஸ்வின் ஆல்ட்ரின், தூத்துக்குடி மாவட்டத்து முதலூரினர். அத்தகைய தாண்டல் வீரர்தம் பயிற்சியிற் பாரந்தூக்கலும் ஓரங்கமாம்.

தொடக்கத்திற்கு மணல் நிறைத்த சாக்கொன்றே போதும். அதற்கு ஆடுகளத்தோரம் ஓரிடம் அளிக்குமாறு கல்லூரியாரை வேண்டுகின்றோம். அதனைச் சுமக்க முன்வருமாறு தோழரையும் வேண்டுகின்றோம்.