நாற்று முத்திப்போனா தூர் கட்டாது

"கெட்டிக்காரப் புள்ள எங்க போட்டாலும் முளைச்சிரும்." ஊருக்கு வரும் டவுன் நண்பர்கள் சொல்வது. இதைவிடச் சோம்பேறித்தனமான பேச்சு கிடையாதுங்க.

எங்க தெருவில் ஒரு பொண்ணு, இரண்டாம் வகுப்பு. ரேஷன் பில்லை மனசுக்குள்ளேயே கூட்டிச் சொல்லிவிடுவாள். பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்துகிறார்கள். பின்தங்கிய பிள்ளைக்கு நல்ல ஏற்பாடுதான். மலரையும் தாண்டியவளுக்கு? மற்றவர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளும் சட்டாம்பிள்ளை வேலை.

டீச்சரைக் குறை சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும். வகுப்போ 5. அவங்களும் என்னதான் செய்வாங்க?

"வேன்ல ஏத்தி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பு" என்பீர்கள். அங்கே தெரிந்த கணக்கையே பத்து தடவை எழுதச் சொல்வார்கள். நிறையக் கணக்கு வேற, கஷ்டமான கணக்கு வேற.

விதை நல்லா இருந்தா மட்டும் போதாது. மத்திய கால நெல் நாற்றை 25-30 நாளில் பிடுங்கி நடணும். நாற்றங்காலிலேயே விட்டால் பச்சையாத்தான் நிற்கும்; பிறகு நட்டால் தூர் கட்டாது, விளைச்சல் படுத்துவிடும். சும்மா உட்கார வைத்த பிள்ளையும் அப்படித்தான். மார்க் குறையாது, ஆசை செத்துப்போகும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அங்கே போய் மூன்றாவது ஆசிரியர் கேட்கணும். அதுவரை அவள் கையில் நாலாம் வகுப்புக் கணக்கைக் கொடுக்கச் சொல்லணும்.

பொங்கலுக்கு வரும்போது கரும்பு மட்டும் கடிச்சிட்டுப் போகாதீங்க. பள்ளி நூலக அலமாரிச் சாவி யாரிடம் இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க.