நாய்க்குச் சொறியா? ஆயின்மென்டுக்கு முன்னால் தேவை ஒரு மைக்ரோஸ்கோப்

"அண்ணா, நாய்க்கு ஒரே சொறி. ஏதாவது ஆயின்மென்ட் இருந்தா கொடுங்க."

மெடிக்கல் ஷாப் கவுன்டர்களில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. கடைக்காரரும் யோசிக்காமல், மனிதர்களின் படர்தாமரைக்கு விற்கும் அதே டியூபை எடுத்து நீட்டுவார். ரெண்டு நாளில் அரிப்பு குறையும். "சரியாப் போச்சு" என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும்போதே, சில வாரங்களில் சொறி இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். அதன்பிறகு யூடியூப், வாட்ஸ்அப் குரூப், வேப்பெண்ணெய், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஊசி என்று ஒரு சுற்று. கால்நடை மருத்துவரிடம் போவது கடைசியில்தான்.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். செல்லப்பிராணியின் தோலில் எந்த மருந்தைத் தடவுவதற்கு முன்பும், அந்தத் தோலில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். அதற்கான சோதனை பெரிய ஸ்கேனோ, வெளியூர் லேபோ இல்லை. தோலைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது, அவ்வளவுதான். சில நிமிட வேலை.

அரிப்பு ஒன்று, காரணம் பல

சொறி என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. வெளியே தெரியும் அறிகுறிகளுக்கு நாம் வைத்த பொதுப்பெயர். முடி கொட்டுவது, தோல் சிவப்பது, பொருக்கு உதிர்வது எல்லாமே பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் ஆள் வேறு.

சார்கோப்டெஸ் என்ற சிற்றுண்ணி தோலைத் துளைத்து உள்ளே குடியேறும். காது ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் தொடங்கி, நாயைத் தூங்கவே விடாத அளவுக்கு அரிக்கும். மற்ற நாய்களுக்கு வேகமாகப் பரவும். வீட்டில் இருப்பவர்களுக்கும் தற்காலிகமாக அரிப்பு வரலாம்.

டெமோடெக்ஸ் வேறு கதை. தாயிடம் பால் குடிக்கும் முதல் சில நாட்களிலேயே குட்டிக்கு வந்துவிடும் இந்தச் சிற்றுண்ணி, ஆரோக்கியமான நாய்களின் முடிவேரில்கூட அமைதியாக இருக்கும். எதிர்ப்பு சக்தி குறையும்போதுதான் பெருகி, முடியை வட்ட வட்டமாகக் கொட்ட வைக்கும். இது மனிதர்களுக்குத் தொற்றாது.

படர்தாமரை என்பது பூஞ்சைத் தொற்று. பூனைகளிடம் அதிகம் காணப்படும், குறிப்பாக பெர்சியன் இனத்தில். வெளியே எந்த அடையாளமும் இல்லாத பூனைகூட இதைச் சுமந்துகொண்டு, மடியில் வைத்துக் கொஞ்சும் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். இவை தவிர பாக்டீரியா, ஈஸ்ட், தெள்ளுப்பூச்சி கடியால் வரும் அலர்ஜி, உணவு அலர்ஜி என்று பட்டியல் நீளும்.

இத்தனை காரணங்களுக்கும் ஒரே டியூப் மருந்தாக இருக்க வழியே இல்லை.

அந்த டியூபுக்குள் என்ன இருக்கிறது?

கடையில் எளிதாகக் கிடைக்கும் பல கிரீம்களில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். ரெண்டு நாளில் அரிப்பைக் குறைப்பது அந்த ஸ்டீராய்டுதான். அது கிருமியைக் கொல்வதில்லை. அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியைத்தான் அடக்குகிறது. டெமோடெக்ஸ் உள்ள நாய்க்கு இதைத் தடவினால் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலத்தான். பூஞ்சை இருந்தால், மேலே அடங்கியது போலத் தெரிந்து அடியில் பரவும். போதாக்குறைக்கு, நாய் அதை நக்கும். தோலுக்கான மருந்து வயிற்றுக்குள் போகும்.

இது செல்லப்பிராணிகளோடு முடியும் பிரச்சினை இல்லை. இந்தியாவில் மனிதர்களிடம் மருந்துக்கு அடங்காத படர்தாமரை பரவியதற்கு, இந்தக் கலவை கிரீம்களை இஷ்டத்துக்குப் பயன்படுத்தியது ஒரு முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்து வருகிறார்கள். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்குவது நின்றபாடில்லை. மனிதர்களுக்கே சீட்டு தேவைப்படும் மருந்தை, நாய்க்கு என்று சொல்லி வாங்கிப் பூசுவதில் என்ன நியாயம்?

பூனை என்பது சின்ன சைஸ் நாய் இல்லை

உண்ணி, தெள்ளுப்பூச்சிக்காக நாயின் கழுத்துப் பின்புறம் விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பூனையின் கல்லீரலால் இதை உடைத்து வெளியேற்ற முடியாது. உடல் நடுக்கம், வலிப்பு, சமயத்தில் மரணம்வரை போகும். "நாய்க்கு வாங்கினது மீதி இருக்கு, பூனைக்கும் ரெண்டு சொட்டு விடலாம்" என்ற சிக்கனம் ஒரு உயிரை எடுத்துவிடும். ரெண்டும் சேர்ந்து வளரும் வீட்டில், மருந்து விட்ட நாயோடு பூனை உரசிப் படுப்பதுகூட ஆபத்துதான்.

வீட்டு வைத்தியத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஃபினாயில், மண்ணெண்ணெய், கற்பூரம் கலந்த எண்ணெய், மெக்கானிக் கடையில் வாங்கும் பழைய இன்ஜின் ஆயில் எல்லாம் இன்றைக்கும் சொறிக்கு மருந்தாகச் சொல்லப்படுகின்றன. இவை தோலைப் புண்ணாக்கும். நக்கும்போது உள்ளே போய் விஷமாகும்.

நோபல் வாங்கிய மருந்தும் ஆபத்தாகலாம்

ஐவர்மெக்டின் நல்ல மருந்து. அதைக் கண்டுபிடித்ததற்காக வில்லியம் கேம்பெல், சதோஷி ஓமுரா இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் கோலி போன்ற சில இன நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் குறை இருக்கலாம். மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கும் காவல் அந்த நாய்களுக்கு இல்லை. சொறிக்குக் கொடுக்கும் அளவே தள்ளாட்டம், கோமா, மரணம் என்று கொண்டுபோய் விடலாம். மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தை "கொஞ்சமா" நாய்க்குப் போடுவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பது இதிலிருந்தே புரியும். சில கிலோ எடையுள்ள நாய்க்கு அந்தக் "கொஞ்சம்" பல மடங்கு அதிகம்.

இப்போது வந்துள்ள ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் உண்ணி, தெள்ளுப்பூச்சி, சிற்றுண்ணி மூன்றுக்கும் நன்றாக வேலை செய்கின்றன. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானவையும்கூட. ஆனால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2018-ல் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். ஆன்லைன் ஷாப்பிங் கார்ட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள்.

உண்ணி நாயில் மட்டும் இல்லை

நம் ஊர் நாய்களில் அதிகம் பார்க்கும் பழுப்பு உண்ணி, தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதே இல்லை. ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசல், கதவு இடுக்கு, நாய்க்கூண்டின் மூலை என்று ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு வீட்டை விட்டுவிட்டால், அடுத்த மாதம் அதே கதைதான். நாய்க்கு மருந்து, இருப்பிடத்துக்குச் சுத்தம் இரண்டும் ஒரே நேரத்தில், சில மாதங்கள் தொடர்ந்து நடக்க வேண்டும்.

உண்ணி வெறும் தோல் பிரச்சினையும் இல்லை. எர்லிகியா, பேபீசியா போன்ற ரத்த நோய்களைப் பரப்பும். காய்ச்சல், சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம் வருவது போன்றவை தெரிந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒட்டியிருக்கும் உண்ணியை ஊதுபத்தியால் சுடவோ, மண்ணெண்ணெய் வைக்கவோ கூடாது. ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும்.

"டாக்டர் ஃபீஸ் யார் கொடுப்பது?"

இது நியாயமான கேள்வி. தனியார் பெட் கிளினிக்கில் ஒரு தடவை போய் வந்தாலே பலருக்கு மாத பட்ஜெட் இடிக்கும். காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு ஓடுபவருக்கு அரசு கால்நடை மருந்தகத்தின் நேரம் ஒத்து வராது. சின்ன ஊர்களில் மாடு, ஆடு பார்க்கும் மருத்துவர்தான் இருப்பார். ஆனால் தோலைச் சுரண்டிப் பார்ப்பது அவருக்கும் தெரிந்த வேலைதான். சென்னையில் 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மூன்று மாதம் மாற்றி மாற்றி வாங்கும் டியூப், ஷாம்பு, பவுடர் செலவைக் கூட்டிப் பார்த்தால், முதல் வாரமே ஒரு சோதனை செய்துவிடுவது பெரும்பாலும் லாபம்தான்.

மருத்துவர்கள் பக்கமும் குறை உண்டு. நாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு ஊசி, ஒரு மாத்திரை என்று அனுப்பிவிடுபவர்கள் இருக்கிறார்கள். "ஸ்க்ரேப்பிங் எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று வளர்ப்பவர் தாராளமாகக் கேட்கலாம். சார்கோப்டெஸ் சில நேரம் சோதனையில் சிக்காமல் தப்பிவிடும் என்பதும் உண்மை. அப்போது அறிகுறியை வைத்து மருந்து கொடுத்துப் பார்ப்பது மருத்துவர் யோசித்து எடுக்கும் முடிவு. கவுன்டரில் நின்று எடுக்கும் முடிவு இல்லை.

கிளினிக்குக்குக் கிளம்பும்முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புண்ணை போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதுவரை தடவிய டியூப்களையும் வெட்கப்படாமல் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். எந்த மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான், அடுத்த மருந்தை மருத்துவரால் சரியாகத் தேர்வு செய்ய முடியும்.