அம்மாவுக்கு போன் போட்டால் போதுமா?

2017 நவம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள ஒரு மழலையர் பள்ளியில், மூன்று வயதுச் சிறுவனுக்கு சீஸ் சாண்ட்விச் கொடுத்துவிட்டார்கள். பால் பொருள் அவனுக்கு ஆகாது என்பது பள்ளிக்கு முன்பே தெரியும். குழந்தைக்கு முடியாமல் போனதும் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை; தாய்க்கு போன் போட்டார்கள். அவர் ஓடிவந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றும் பிள்ளை பிழைக்கவில்லை. காப்பகங்களுக்கு ஒவ்வாமை வழிமுறை வகுக்கச் சொல்லி, அவன் பெயரிலேயே 'இலைஜா சட்டம்' 2019இல் அந்த மாநிலத்தில் வந்தது.

நம் பள்ளிகளிலும் முதலுதவி என்றால் பெரும்பாலும் இந்த போன்தான். உடம்பு தடித்தால் ஓர் அவில் மாத்திரை, வாந்தி எடுத்தால் "வெயில் ஒத்துக்கல". ஆனால் முட்டையோ வேர்க்கடலையோ முந்திரியோ சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்போடு வாந்தியும் வந்தால், உதடு வீங்கிக் குரல் கரகரத்தால், பிள்ளை துவண்டு சரிந்தால், அது அனாஃபிலாக்ஸிஸ். அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஒன்றே. தொடையின் வெளிப்புறத் தசையில், கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம் வீதம் உடனே போட வேண்டும். அவில் அரிப்பைத் தணிக்கும். அடைபடும் மூச்சை மீட்காது. ஊசி போட்ட கையோடு 108ஐ அழைக்க வேண்டும். பிள்ளையை நடக்கவிடக் கூடாது.

சத்துணவில் முட்டை கொடுக்கும் மாநிலம் இது. முட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. அது ஏழைப் பிள்ளையின் புரதம். ஆகாத ஒரு பிள்ளையின் தட்டில் அது விழாமல் பார்க்க, சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வியும் சமையலறைச் சுவரில் ஒரு பெயர்ப் பட்டியலும் வேண்டும். அவ்வளவுதான்.

"கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா பழகிடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். கைக்குழந்தைப் பருவத்திலேயே வேர்க்கடலை கொடுத்தால் ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று 2015இல் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது உண்மை. ஆனால் தோல் பரிசோதனையில் கடுமையாகத் தடித்த குழந்தைகளை அந்த ஆய்விலேயே சேர்க்கவில்லை. ஒவ்வாமை வந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டில் சோதித்துப் பார்ப்பது விபரீதம்.

ஆசிரியர் ஊசி போடலாமா, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? நியாயமான அச்சம். கனடாவின் ஒன்டாரியோவில் 2006 முதல் நடப்பில் உள்ள 'சப்ரினா சட்டம்', நல்லெண்ணத்தோடு ஊசி போடும் பள்ளி ஊழியரை வழக்கிலிருந்து காக்கிறது, பயிற்சியையும் கட்டாயமாக்குகிறது. அந்தப் பாதுகாப்பு இங்கும் வேண்டும். துணியோடு சேர்த்தே குத்தக்கூடிய பேனா ஊசி நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அரசு மொத்தமாக வாங்கினால் வழி பிறக்கும். அதுவரை விலை மலிவான ஆம்பூலும் சிரிஞ்சும் இருக்கின்றன. கற்றுக்கொடுக்கக் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார்.

வரும் ஜூனில் பள்ளி திறக்குமுன், அங்கன்வாடிகளையும் தனியார் மழலையர் பள்ளிகளையும் சேர்த்து இதற்கான அரசாணையைத் தமிழக அரசு பிறப்பிக்க வேண்டும்.